எட்டு மணிக்குப் போன் செய்யாதே

அக்கா, இது அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதும் கடிதம். அம்மாவே எழுத உட்கார்ந்தால் "நலம், நலமறிய ஆவல்" என்பதற்கு மேல் பேனா நகர்வதில்லை, அது உனக்குத் தெரியும். அதனால் நான் எழுதுகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். சொன்னதைக் கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், எழுதியதை அடிக்க மாட்டேன், நடந்தது எல்லாவற்றையும் உண்மையாகவே பதிவு செய்வேன். அம்மா தலையை ஆட்டிவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கப் போட்டாள். இனி வரும் "நான்" எல்லாம் அம்மாதான்.

அன்பு மகளே, அங்கே நீ நன்றாக இருக்கிறாய் என்ற ஒரே தெம்பில்தான் இங்கே பொழுது விடிகிறது. நாங்களும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனதைப் பற்றி மட்டும் கேட்காதே. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, அவர் ஓட்டும் பஸ்ஸில் டிரைவருக்குப் புது சீட் போட்டுக் கொடுத்திருக்கிறார்களாம். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லி எங்களுக்கு உறவுக்காரர் மாதிரி ஆகிவிட்டார். சின்னவள் கட்டுரைப் போட்டியில் முதலாவது வந்தாள், அதை எழுதச் சொன்னால் வெட்கப்படுகிறாள், நிபந்தனைப்படி எழுது என்று சொல்லிவிட்டேன். உன் தம்பி விஷயத்துக்குத்தான் இந்தக் கடிதம். போனில் ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்வாய். போன் இருக்கும் இடம் உனக்குத் தெரியும், அவன் படுக்கும் அறைச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது, நான் மூச்சை இழுத்து விட்டாலே அவனுக்குக் கேட்டுவிடும், கடிதம் என்றால் இவள் காதருகே மெல்லச் சொல்லலாம். போன தடவை நீ கேட்டபோது "எல்லாம் நல்லபடியா போகுது" என்றேனே, அப்போது அவன் கதவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வேறு என்ன சொல்வேன்.

நீ அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறாய், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். மருந்துக்கடைக்காரர் ஸ்கூட்டரில் சாவியை விட்டுவிட்டு கடைக்குள் போயிருக்கிறார், சுருட்டை, கட்டை என்று அவனோடு திரிவார்களே இரண்டு பேர், அவர்களும் இவனுமாக ஏறிவிட்டார்கள். பள்ளிக்கூட மதிலில் கொண்டுபோய் மோதியதில் வண்டியின் முன்பக்கம் நொறுங்கிவிட்டது, கட்டைக்கு முழங்கையில் எலும்பு விலகிவிட்டது. ஸ்டேஷனில் நான் போனவுடன் "என் மகன் பின்னாடிதான் உட்கார்ந்திருந்தான் சார்" என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியாது, நான் அங்கே இல்லவும் இல்லை, ஆனால் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த உன் தம்பி தலையைக் குனிந்துகொண்டு "நான்தான் ஓட்டினேன்" என்றான். அப்போதே நான் பாடம் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். சின்ன வயதுப் பிள்ளைகளை லாக்கப்பில் வைக்கக் கூடாதாம், எங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள், சிறுவர் நீதிமன்றத்துக்கு வரச் சொன்னார்கள். கூண்டு, கடுகடுத்த முகம், சுத்தியல் சத்தம் என்று நான் என்னென்னவோ கற்பனை செய்துகொண்டு போனேன். பார்த்தால் ஆசிரியர்கள் ஓய்வறை மாதிரி ஒரு அறை, ஒரு நீள மேசை, ஒரு தண்ணீர் ஜாடி. நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நீ எதுக்கு இங்க வந்திருக்கேன்னு உனக்குப் புரியுதாப்பா" என்று கேட்டார். "அவர் வண்டிய எடுத்துட்டேன் மேடம்" என்றான். "வண்டி மட்டுமா? மதில் பக்கத்துல அந்நேரம் ஒரு பிள்ளை நின்னிருந்தா?" என்றார்.

உடனே தீர்ப்பு என்று எதுவும் சொல்வதில்லை, அதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. நன்னடத்தை அலுவலர் என்று ஒருவரை அனுப்பி, வீடு எப்படி, பள்ளி எப்படி, பையன் எப்படி என்று விசாரித்து எழுதி வரச் சொல்கிறார்கள், அதைப் படித்த பிறகுதான் முடிவு. எங்களுக்கு வாய்த்தவர் மோட்டார் சைக்கிளில் வருவார், ஹெல்மெட்டை வாசலில் வைக்காமல் உள்ளே கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டே பேசுவார், குழந்தையை வைத்திருப்பது போல. பையன் எங்கே படுப்பான், யாரோடு சாப்பிடுவான், கோபம் வந்தால் என்ன செய்வான் என்று கேட்டார். "வீட்ல யார் சொன்னா கேப்பான்?" என்றார். நான் "அவங்க அப்பா" என்றேன். உன் அப்பா "அவங்க அம்மா" என்றார். சின்னவள் குறுக்கே புகுந்து, "அக்கா சொன்னா கேப்பான் சார், ஆனா அக்கா ஊர்ல இல்ல" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே அதையும் எழுதிக்கொண்டார்.

அவர் எழுதியதைப் பார்த்துவிட்டு நீதிபதி அம்மா சிறுவர் இல்லத்துக்கு அனுப்பவில்லை, ஆறு மாதம் வீட்டிலேயே அலுவலர் பார்வையில் இருக்கட்டும் என்றார். நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் கறைத் துணி வந்தால் முழுவதையும் கொதிக்கும் நீரில் போட மாட்டோம், ஒரு ஓரத்தில் மட்டும் மருந்து தடவிப் பார்ப்போம், துணி தாங்குகிறதா, கறை விடுகிறதா என்று. அந்த மாதிரிதான் இது என்று நான் புரிந்துகொண்டேன். தினமும் பள்ளிக்குப் போக வேண்டும். வாரம் ஒரு நாள் அலுவலகத்தில் போய் முகம் காட்ட வேண்டும். சனிக்கிழமைகளில் நூலகத்தில் புத்தகம் அடுக்க வேண்டும். மருந்துக்கடைக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதைச் செய்துவிட்டான், அவர் கடைசிவரை நிமிர்ந்து பார்க்காமல் மாத்திரையை எண்ணிக்கொண்டே "சரி, போ" என்றாராம். சுருட்டையோடும் கட்டையோடும் சேரக் கூடாது. இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டை விட்டு வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது. சில நாள் அலுவலர் எட்டு மணிக்குப் போன் செய்வார், இவன்தான் எடுக்க வேண்டும். சில நாள் சொல்லாமல் நேரிலேயே வருவார். மீறினால் அவர் எழுதி அனுப்புவார், மறுபடி அதே மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும், அப்போது காலத்தை நீட்டலாம், கட்டுப்பாட்டைக் கூட்டலாம், இல்லத்துக்கும் அனுப்பலாம். வக்கீல் என்று ஒரு பெண்ணை அவர்களே கொடுத்திருக்கிறார்கள், உன் வயதுதான் இருக்கும், அவள்தான் இதையெல்லாம் வெளியே படிக்கட்டில் உட்கார வைத்து எனக்குப் பொறுமையாகச் சொன்னாள். "தண்டனைன்னு நினைக்காதீங்கம்மா, அவன் வீட்லயே இருக்கறதுக்கான வழின்னு நினைங்க" என்றாள். நினைக்கப் பார்க்கிறேன்.

பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நூலகத்து அம்மா முதலில் இவனைப் பார்த்தவுடன் பையைக் காலடியில் தள்ளி வைத்துக்கொண்டாராம், இப்போது அடுக்குச் சாவியை இவனிடமே கொடுக்கிறார். எட்டு அடிக்கப் போகும்போது போன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வான், சின்னவள் "போன் மணிக்குக் கல்யாண மாப்பிள்ளை காத்துட்டிருக்கார்" என்று கிண்டல் செய்வாள், தலையணை பறக்கும். உன் அப்பாதான் ஒன்றும் பேசுவதில்லை. அவர் ஓட்டும் தடத்தில்தான் அந்த நீதிமன்றம் இருக்கிறது. அந்த நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தினால் யார் இறங்குகிறார்கள் என்று கண்ணாடியில் பார்க்கவே மாட்டாராம், கண்டக்டர் என்னிடம் சொன்னார். அவருக்கு லீவு கிடைக்காது கிடைக்காது என்று எல்லா நாளும் நான்தான் தனியாகப் போனேன். லீவு கேட்டாரா என்று நான் கேட்கவில்லை.

இப்போது அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். நம் தெரு முனையிலிருந்து பஸ் நிறுத்தம் வரை விளக்கில்லாத சந்து உனக்கு நினைவிருக்கும், போன மழைக்கு நான் அங்கேதான் சாக்கடைப் பள்ளத்தில் விழுந்து கால் பிசகியது. அதிலிருந்து நான் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு உன் தம்பி நிறுத்தத்தில் வந்து நிற்பான், நான் கூப்பிட்டதில்லை, அவனாக வருவான், வந்து என் பையை வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடப்பான், பேச மாட்டான். இந்த எட்டு மணிக் கட்டுப்பாடு வந்த பிறகு "வராதேடா, நானே வந்துப்பேன்" என்று சொல்லி நிறுத்திவிட்டேன். அன்றைக்குச் சலவைக்கூடத்தில் பெரிய இயந்திரம் நின்றுவிட்டது, ஆஸ்பத்திரித் துணி எல்லாம் குவிந்துவிட்டது, கையால் பிழிந்து போட்டு முடிக்க நேரமாகிவிட்டது. நல்ல மழை. பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்று துணி கொண்டுபோகும் வேன் டிரைவர் என்னை ஏற்றிக்கொண்டு பின்பக்க ரோடு வழியாக நம் வாசலிலேயே இறக்கிவிட்டார். அவருக்கு நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் எங்களைக் கவிழ்த்தது.

எட்டு தாண்டி உள்ளே நுழைந்தால் கூடத்து நாற்காலியில் அலுவலர், மடியில் ஹெல்மெட், சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறார். சின்னவள் சுவரோரம் நிற்கிறாள். உன் தம்பி இல்லை. "பையன் எங்கம்மா?" என்றார். மகளே, ஒரு நொடி நிதானித்துச் சின்னவள் முகத்தைப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. "கணக்கு டியூஷன் சார், இப்ப வந்துடுவான், மழைன்னு லேட்டு" என்றேன். டியூஷனுக்கு அவன் போவதே இல்லை. சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் வருவதற்கு முன்பே இவளிடம் அவர் கேட்டிருக்கிறார், இவள் "அம்மாவக் கூட்டிட்டு வரப் போயிருக்கான் சார், மழை பெய்யுது, அம்மா இன்னும் வரல" என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். அலுவலர் என்னைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "யாரக் கூட்டிட்டு வரப் போனானோ அவங்க வந்துட்டாங்க. போனவன் எங்கம்மா?" என்றார். இவள் சொன்ன நிஜம் நான் சொன்ன பொய்யோடு சேர்ந்து அதுவும் பொய்யாகிவிட்டது. ஒரு வெள்ளைத் துணியோடு சாயம் போகிற துணி ஒன்றைப் போட்டால் போதும், மொத்த வாளியும் போச்சு என்று புதிதாக வருகிற பெண்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

அவர் எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார், வண்டியைத் தள்ளிக்கொண்டு, பக்கத்தில் உன் தம்பி. நான் வராத பஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நிறுத்தத்துக் கூரைக்கடியில் நின்றிருக்கிறான். அதே கூரைக்கடியில் மழைக்கு ஒதுங்கிச் சுருட்டையும் நின்றிருக்கிறான். அவன் வீடு அந்தப் பக்கம்தானே, அவன் எங்கே போவான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசினார்களா என்றால் பேசினார்களாம், "உங்க அம்மா இன்னும் வரலையா" என்று அவன் கேட்டானாம், "இல்ல, நீ தள்ளி நில்லு" என்று இவன் சொன்னானாம். தள்ளி நிற்க அங்கே இடம் ஏது. எட்டு மணி ஒரு மீறல், சுருட்டை இன்னொரு மீறல். உன் தம்பி கையில் நீ விட்டுப்போன பூப்போட்ட குடை மடித்தபடியே இருந்தது, தலையிலிருந்து தண்ணீர் ஓடுகிறது. குடையை விரித்தால் என்னடா என்று கேட்டேன், வேறு எதையும் கேட்கத் தெரியாமல். "சார் நனையறார்ல" என்றான்.

அலுவலர் கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது, திட்டிக்கொள்ளக்கூட ஆள் இல்லை. துண்டு கொடுத்தேன், வாங்கித் துடைத்துக்கொண்டார். "மழைக்கு ஒதுங்கினதாவே இருக்கலாம்மா. ஆனா பாத்தத எழுதாம விட்டா, நான் எழுதற நல்லதையும் நாளைக்கு யாரும் நம்ப மாட்டாங்க. வீட்ல ஒரே பதிலா இருந்திருந்தா எனக்கும் எழுதறதுக்கு இடம் இருந்திருக்கும்" என்றார். நான் அவர் காலில் விழாத குறை. அதற்கும் வழி விடாமல் வாசலுக்குப் போய்விட்டார். அடுத்த விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்கள், இந்த மாதக் கடைசியில். வக்கீல் பெண் "என்ன சொல்வாங்கன்னு எனக்கும் தெரியலம்மா, பழைய ரிப்போர்ட் நல்லா இருக்கு, அதப் பிடிச்சுப் பேசறேன்" என்கிறாள். நான் அவள் வாயையே பார்க்கிறேன். நான் செய்வதற்கு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றால் "சுத்தமான சட்டை போட்டு அனுப்புங்க" என்றாள். அதனால்தான் இதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். ஏற்கெனவே இரண்டு முறை தேய்த்தாயிற்று, அலமாரியில் மாட்டியதும் மடிப்பு சரியில்லை என்று தோன்றுகிறது. மடிப்பு சரியாகத்தான் இருக்கிறது.

இல்லத்தில் சாப்பாடு, படிப்பு எல்லாம் இருக்கிறதாம். பார்க்கப் போகலாமாம். ஆனால் அவனுக்கு இருட்டில் கதவைச் சாத்தினால் தூக்கம் வராது, இவ்வளவு வளர்ந்தும் கதவை ஒரு விரற்கடை திறந்துதான் படுப்பான், அதை அங்கே யாரிடம் போய்ச் சொல்வேன். அந்த நாளுக்குப் பிறகு அவன் ஒரு காரியம் செய்தான். உன் அப்பாவின் பெட்டியிலிருந்து ஒயரை எடுத்து வாசல் கேட்டுக்கு மேலே ஒரு பல்பு மாட்டி, சந்துப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறான். நிறுத்தத்துக்கு வர முடியாது, அதனால் வெளிச்சத்தையாவது அனுப்புகிறான் போலிருக்கிறது. அது பாதிச் சந்து வரைக்கும்தான் எட்டுகிறது. பள்ளம் இருக்கிற இடம் அதற்கும் அப்பால். நான் சொல்லவில்லை.

மகளே, இப்போது கவனமாகக் கேள். அலுவலர் உன் நம்பரையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், அக்கா சொன்னால் கேட்பான் என்று சின்னவள் சொன்னாளே, அதனால் உன்னிடமும் பேச வேண்டுமாம். அவர் கேட்டால், அன்றைக்குச் சாயங்காலம் நீதான் போன் செய்து, அம்மா மழையில் தனியாக வருவாள், போய்க் கூட்டிக்கொண்டு வா என்று தம்பியிடம் சொன்னதாகச் சொல்லிவிடு. நீ சொல்லிப் போனான் என்றால்

அக்கா, இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன், இனி கொஞ்ச தூரம் "நான்" என்பது நான்தான். எழுதுடி என்றாள் அம்மா. நான் பேனாவை மூடினேன். அம்மா சட்டையின் கையை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். அப்போது அண்ணன் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தானோ தெரியாது. "வேணாம்மா. யாரும் சொல்லிப் போகல. நானாத்தான் போனேன். மழை பெஞ்சா மறுபடியும் போயிருப்பேன். அத அப்படியே அவங்ககிட்ட சொல்றேன்" என்றான். "சொன்னா அனுப்பிடுவாங்கடா" என்றாள் அம்மா. "சொல்லலன்னா மட்டும்?" என்றான். அம்மாவின் கை சட்டை மேல் அப்படியே நின்றுவிட்டது. சட்டையின் கை ஒரு பக்கம் பொசுங்கும் வாசனை வந்தது, அண்ணன்தான் ஓடிவந்து பெட்டியைத் தூக்கினான். பெரிதாக ஒன்றும் இல்லை, மணிக்கட்டு ஓரம் லேசான பழுப்பு. "மடிச்சு விட்டுக்கறேன்" என்றான். அம்மா அந்த வரிகளை அடித்துவிடு என்று கேட்டாள், அடிக்க மாட்டேன் என்று முதலிலேயே சொன்னேனே என்றேன். "சரி, மேல எழுது" என்றாள். இனி மறுபடியும் அம்மா.

இவள் சொல்வதும் சரிதான், இருக்கட்டும். மேலே சொன்னதை மறந்துவிடு மகளே. அலுவலர் கேட்டால் உனக்குத் தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். அவன் சின்னதில் எப்படி இருந்தான் என்று கேட்டால் அதைச் சொல், அது உனக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும், நான் எப்போதும் ஷிப்டில்தானே இருந்தேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அப்பா வந்துவிட்டார். சட்டையின் பொசுங்கிய கையைத் தொட்டுப் பார்த்தார். காலணியைக் கழற்றிக்கொண்டே, "விசாரணை அன்னிக்கு என் வண்டிய வேற ஆள் எடுக்கறான். நான் பயணியா வரேன், மூணு பேரும் ஒண்ணா இறங்குவோம்" என்றார். உன் தம்பி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவ்வளவுதான். அவர் வந்து நின்றாலும் நீதிபதி அம்மா எழுதுவதைத்தான் எழுதுவார், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தப் படிக்கட்டில் பக்கத்தில் உட்கார ஓர் ஆள்.

நீ அவசரப்பட்டு டிக்கெட் எடுக்காதே, வந்து நீயும் எங்களோடு கையைப் பிசைந்துகொண்டு நிற்பதில் என்ன இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குத் தலையை மூடிக்கொள், இரவு டியூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே, உன்னைக் கூட்டிவர அங்கே யாரும் நிற்க மாட்டார்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, எங்கள் ஊர் எட்டு மணிக்கு வீட்டுக்குப் போன் செய்யாதே. நீ பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கூப்பிட்டால் லைன் கிடைக்காது, கிடைக்கவில்லை என்றால் அதுவும் ஒரு குறிப்பாகிவிடும். எட்டரைக்கு மேல் செய், உன் தம்பியே எடுப்பான், பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பான். நீ எடுத்து வைக்கும் அடி ஒவ்வொன்றும் நல்ல வெளிச்சத்தில் விழட்டும். இந்த வீட்டில் நீ படுத்த கட்டில் விரித்தபடியே இருக்கிறது, எத்தனை வருடமானாலும் அது உன்னுடையதுதான்.

உன்னை நினைக்காத நாளில்லாத,
அம்மா

அம்மா சொன்னபடி எழுதியவள் உன் தங்கை. அம்மா சட்டையை அலமாரியில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டாள். அண்ணன் அறைக் கதவு ஒரு விரற்கடை திறந்திருக்கிறது. படுக்கப் போகும் முன் அவன் எங்களை ஒரு முறை எட்டிப் பார்த்து, அப்பா, அம்மா, நான் என்று எல்லோரும் உள்ளே இருப்பதை உறுதி செய்துகொண்டு, வாசல் பல்பை அணைத்தான், பிறகு கூடத்து விளக்கையும் அணைத்துவிட்டான்.